நில் என்றால் பாய்ந்த வண்டி

முப்பத்திரண்டுக்கு அடுத்து முப்பத்து நான்கு இருந்தது.

அண்ணி காகிதத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே மறுபடி வந்தாள். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அப்புறம் ஒரே தாவல்.

"தம்பி, முப்பத்தி மூணு எங்க?"

பக்கத்து நாற்காலியில் கொட்டாவியை மென்றுகொண்டிருந்த கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "வர்ற வழியில எறங்கிடுச்சோ என்னவோ."

இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினாறு வருடம் விபத்துகளை ஆராய்ந்தவள் அண்ணி. அந்த வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கியபோது, தன் டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு 'நானும் வரேன்' என்று பின்னாலேயே வந்தவன் அவள் கணவரின் தம்பி. வாய்க்கு வாய் அவன் கூப்பிடுவதைக் கேட்டு, கேஸ் கொடுக்க வருபவர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள். அவனுக்குக் கொழுந்தன் என்ற பட்டம் நிலைத்துவிட்டது.

இருவரும் உட்கார்ந்திருந்தது துறைமுகத்தை ஒட்டிய ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தில். தண்ணீருக்கடியில் போகும் ஆளில்லா வண்டிகளுக்கு சாப்ட்வேர் எழுதும் கம்பெனி. வண்டி என்றால், துணி துவைக்கும் மெஷின் பருமனில் ஒரு மஞ்சள் பெட்டி. கேமரா, விளக்கு, நாலு பக்கமும் விசிறிகள், பின்னால் படகுவரை நீளும் ஒரு கேபிள். படகில் உட்கார்ந்து ஸ்டிக்கைப் பிடித்து அதை ஓட்டுபவர் பைலட். ஸ்டிக் சொல்வதை வண்டிக்குச் சொல்வது சாப்ட்வேர். எந்த நொடியில் ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தது, வண்டி எவ்வளவு ஆழம் போனது, பைலட் என்ன குறிப்பு அடித்தார் என்று அத்தனையையும் எழுதி வைப்பதும் அதே சாப்ட்வேர்தான். அந்தப் பதிவுக்கு லாக் என்று பெயர்.

நான்கு நாளைக்கு முன், வியாழக்கிழமை பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, சரக்குத் துறையின் தூண் ஒன்றில் ஒரு டைவர் இரும்புப் பட்டையை முடுக்கிக்கொண்டிருந்தார். வண்டி பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று அது முழு வேகத்தில் பாய்ந்து அவர் இடது கையைத் தூணோடு வைத்து நசுக்கியது. ஓட்டியவள் அவருடைய மனைவி.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு மாதமாகச் சண்டை என்பது துறைமுகத்துக்கே தெரியும். கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு அவர் சிரித்துப் பேசுகிறார் என்பதுதான் காரணம் என்பதும் தெரியும். இன்ஸ்பெக்டருக்குத் தேட வேண்டிய வேலையே வைக்காத கேஸ். மாலை நான்கு மணிக்கு இதே கட்டடத்தில் விசாரணைக் கூட்டம். அது முடிந்தால் பைலட்டின் லைசென்ஸ் போகும், கொலை முயற்சி என்று வழக்கும் வரும்.

அண்ணியை அமர்த்தியவர் அந்த டைவர்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையில், கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

"அவ பண்ணியிருக்க மாட்டா. ஆனா அதை எனக்கே யாராவது நிரூபிச்சுக் காட்டணும்."

எதிரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சீனியர். கம்பெனியின் தலைமைப் புரோகிராமர். ஐம்பதை நெருங்கும் வயது. பேனாக்களை உயர வாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

"முப்பத்தி மூணாவது குறிப்பை பைலட்டே அழிச்சிருப்பாங்க மேடம். தப்பா அடிச்சா அழிக்கிறது வழக்கம்தான். எழுத்து போயிடும், அந்த நம்பரும் திரும்ப வராது." அவர் இன்னொரு காகிதத்தை முன்னால் தள்ளினார். "நீங்க பார்க்க வேண்டியது இது. பதினொண்ணு நாப்பத்திரண்டு, ஆறாவது செகண்ட்லேர்ந்து பதினஞ்சாவது செகண்ட் வரைக்கும். ஸ்டிக் முன்னாடி நூறு. நூறு, நூறு, நூறு. மெஷின் பொய் சொல்லாது."

"மெஷின் சொல்லாது" என்றாள் அண்ணி. "'நில்' பட்டனை அமுக்கினேன்னு பைலட் சொல்றாங்களே. அது என்ன பட்டன்?"

சீனியர் ஒரு பேனாவை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"புதுசா ஒண்ணு. அமுக்கினா, தண்ணி எந்தப் பக்கம் தள்ளினாலும் வண்டி அதே இடத்துல நிக்கும். நம்ம ஜூனியர் ஒருத்தி எழுதினது. நல்லாத்தான் இருக்கு. கீழே பதினோரு வருஷமா நான் போட்ட அஸ்திவாரம் இருக்கிறதால நிக்குது. ஆனா லாக்ல அந்தப் பட்டனை அமுக்கினதாவே பதிவு இல்ல."

"நீங்க படகுக்குப் போறதுண்டா?"

"நானா? அலைன்னு எழுதினாலே எனக்குத் தலை சுத்தும். இந்த ரூம்லேர்ந்துதான் கடலைப் பார்க்கிறேன்."

வெளியே வந்ததும் கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். "கதவுக்குப் பின்னால ஒரு போட்டோ மாட்டியிருந்தது, பார்த்தீங்களா? நடுவுல பூங்கொத்தோட ஒரு பொண்ணு, சுத்தி எல்லாரும் கை தட்டுறாங்க. இவர் ஓரத்துல. அதுவும் பாதித் தோள்தான். போட்டோ எடுத்தவன் இவர்கிட்ட என்ன கோவத்துல இருந்தானோ."

"கதவுக்குப் பின்னால மாட்டினா, கதவைச் சாத்தினாத்தான் தெரியும்" என்றாள் அண்ணி. "தனியா இருக்கும்போது பார்க்கிறதுக்கு."

*

படகு கட்டிக் கிடந்தது. கட்டிக் கிடந்தபோதும் ஆடியது.

"நான் கரையிலேயே நின்னு தடயம் தேடறேனே" என்றான் கொழுந்தன்.

"ஏறுங்க தம்பி."

பைலட் ஓட்டும் அறை ஒரு குளியலறை அகலம்தான். இரண்டு திரை, ஒரு கீபோர்டு, தேய்ந்து வழவழத்த ஒரு ஸ்டிக். அவள் தன் உடம்புக்கு இரண்டு அளவு பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டைவரின் ஜாக்கெட். கண் வீங்கியிருந்தது.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். 'நில்' அமுக்கினேன். ஸ்டிக்கை விட்டுட்டேன். வண்டி தானா பாஞ்சுது. யாரும் நம்பல."

"ஸ்டிக்கை விட்டுட்டு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒன்பது செகண்ட் வண்டி பாயுது. முன்னால ரெண்டு திரை இருக்கு. நீங்க பார்க்கல. கண்ணு எங்க இருந்தது?"

பைலட்டின் பார்வை கீபோர்டுக்குப் போய்த் திரும்பியது.

"கீபோர்டுல இருந்தது" என்றாள் அண்ணி. "முப்பத்தி மூணாவது குறிப்பு. அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் அழிச்சிட்டீங்க. அதுல என்னம்மா இருந்தது?"

பைலட் ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். "ஞாபகமில்ல."

கொழுந்தன் திரைகளுக்குப் பின்னால் தலையை நுழைத்தான். டிவி ரிப்பேர் பழக்கம். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் அதன் முதுகைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது.

"அண்ணி, இங்க ஒரு ரெக்கார்டர் இருக்கு. டிஸ்க் இல்ல. ஸ்க்ரூவைக் கழட்டியிருக்காங்க, ஒண்ணைத் திரும்ப மாட்டாம விட்டுட்டாங்க. ரிப்பேர் தெரிஞ்சவங்க பண்ற வேலை இல்ல. அழுதுகிட்டே பண்ணின வேலை."

அண்ணி சும்மா இருந்தாள். இது அவளுடைய பழைய உத்தி. எதிரில் இருப்பவர் தாங்க மாட்டாத அளவுக்குச் சும்மா இருப்பாள்.

பைலட் காலடியில் இருந்த பையைத் திறந்தாள். துண்டு, தண்ணீர் பாட்டில், அதற்கும் அடியில் ஒரு சாக்ஸ். சாக்ஸுக்குள் டிஸ்க்.

"போலீஸுக்கு ஆபீஸ்லேர்ந்து வெறும் படத்தைத்தான் கொடுத்தாங்க. இதுல படத்துக்கு அடியில நேரம் ஓடும், நான் அடிக்கிற குறிப்பும் ஓடும். எழுத்து எழுத்தா." அவள் டிஸ்க்கை நீட்டினாள். "இதைப் பார்த்தா என்னைத் தூக்குல போட்டுடுவாங்கக்கா."

கொழுந்தன் டிஸ்க்கை மாட்டினான். திரையில் பச்சைத் தண்ணீர், சிப்பி அப்பிய தூண், முதுகு காட்டி வேலை செய்யும் ஒரு டைவர். பதினொன்று நாற்பத்தொன்று ஐம்பது. டைவர் கையை உயர்த்தினார். மணிக்கட்டில் பின்னிய நீலக் கயிறு ஒன்று விளக்கில் மின்னியது. உடனே அடியில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

*அந்த நீலக் கயிறு யாரு கட்டினது?*

சற்று நிறுத்தம். நேரம் நாற்பத்திரண்டு ஆறு. டைவரின் முதுகு திரையில் பெரிதாகத் தொடங்கியது. எழுத்துகளும் கூடவே ஓடின.

*இன்னைக்கு வீட்டுக்கு வா, கையோட சேர்த்து அ*

நாற்பத்திரண்டு பதினைந்து. திரை குலுங்கியது. தூண், குமிழிகள், பிறகு சிவப்பு.

கொழுந்தன் படத்தை நிறுத்தினான்.

"'அறுத்துடறேன்'னு அடிக்க இருந்தேன்" என்றாள் பைலட். "மைக்குல பேசினா படகு முழுக்கக் கேக்கும். அதனால கோவம் வந்தா குறிப்புல அடிப்பேன், அடிச்சதும் அழிச்சுடுவேன். ஒரு மாசமா அதுதான். யாருக்கும் தெரியாது. அன்னைக்கு அழிக்கிறதுக்குள்ள... கையோட சேர்த்துன்னு அடிச்சேன், அதே கை நசுங்கிடுச்சு. நான் திரையைப் பார்த்திருந்தா ஒரே தட்டுல நிறுத்தியிருப்பேன். அந்தக் கயிறு என் கண்ணை மறைச்சிடுச்சு."

அண்ணி அவள் தோளில் கை வைத்தாள். "இதை மறைக்கத்தானே நாலு நாளா தூங்காம இருக்க? அசடு. உன்னைக் காப்பாத்தற ஒரே சாட்சியை சாக்ஸுக்குள்ள போட்டு வச்சிருக்க."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஸ்டிக்கைத் தள்ளிட்டு விடு, பார்க்கலாம்."

பைலட் தள்ளிவிட்டு விட்டாள். ஸ்டிக் 'டக்' என்று நடுவுக்கு வந்து நின்றது.

"கை எடுத்தா நடுவுக்கு வந்துடும். அப்ப முழுசா முன்னாடி வச்சிருக்கணும்னா ஒரு கை அதுலயே இருக்கணும். மிச்சம் ஒரு கை. தம்பி, அந்த ரெண்டாவது வரியை ஒத்தைக் கையால அடிங்க."

கொழுந்தன் விரல் சொடுக்கி உட்கார்ந்தான். ஒற்றைக் கையால் எழுத்தெழுத்தாகக் குத்தினான். முப்பத்தோரு விநாடி. 'வீட்டுக்கு வா' என்பது 'வீடுக்கு வ' என்று வந்திருந்தது.

"எனக்குக் கல்யாணமாகாததால இந்த மாதிரி வாக்கியத்துல பயிற்சி இல்ல" என்றான்.

பைலட் ஒற்றைக் கையால் அடித்தாள். இருபது விநாடி. இரண்டு கையால் அடித்தாள். ஒன்பது.

அவள் தன் கைகளையே பார்த்தபடி இருந்தாள். யாரோ அவற்றைத் திருப்பிக் கொடுத்தது போல.

"அப்ப லாக்ல நூறுன்னு இருக்கே?" என்றான் கொழுந்தன்.

"அதையும் பார்த்துடுவோம்." அண்ணி ஸ்டிக்கைப் பிடித்து முன்னால் தள்ளினாள். திரையின் மூலையில் ஓர் எண் ஏறியது. ஐம்பது, எண்பது, தொண்ணூற்று நான்கு. அங்கேயே நின்றது. இன்னும் அழுத்தினாள். தொண்ணூற்று நான்கு. கொழுந்தனைத் தள்ளச் சொன்னாள். அவன் பல்லைக் கடித்துத் தள்ளினான்.

"தொண்ணூத்தி நாலுதான் அண்ணி. நூறு வேணும்னா உடைக்கணும்."

"தேஞ்சு போச்சுக்கா" என்றாள் பைலட். "மூணு மாசமா அப்படித்தான்."

அண்ணி முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "கையால தள்ளினா தொண்ணூத்தி நாலு. அப்ப அந்த நூறைக் கையால யாரும் தள்ளல தம்பி. யாரோ உட்கார்ந்து டைப் அடிச்சிருக்காங்க."

பிறகு பைலட் பக்கம் திரும்பினாள். "நாலு மணிக்கு இந்த டிஸ்க்கை எல்லார் முன்னாடியும் போடணும். உன் புருஷனும் போன்ல கேட்டுக்கிட்டு இருப்பார். நீ சம்மதிச்சாத்தான்."

பைலட் வெகுநேரம் ஜிப்பையே இழுத்துக்கொண்டிருந்தாள்.

*

கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. இரண்டு ஆள் ஆழம். வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் இடம். அதன் விளிம்பில் ஒரு பெண் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். 'நில்' பட்டனை எழுதியவள். ஆபீஸ் முழுக்க அவளைப் 'பட்டன்' என்றே கூப்பிட்டார்கள்.

"என் பட்டனை அமுக்கினா வண்டி நிக்கணும்" என்றாள், கேட்பதற்கு முன்பே. "ஆயிரம் தடவை இந்தத் தொட்டியில நின்னிருக்கு. அக்கா அமுக்கினேன்னு சொன்னா அமுக்கியிருப்பாங்க. அப்ப தப்பு என்னோடதுதானே? திறந்து பார்க்கலாம்னா, வெள்ளிக்கிழமை காலையிலயே சீனியர் சார் எல்லாத்தையும் பூட்டிட்டார். விசாரணை முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாதாம்."

"அதுக்கு முன்னாடி யார் தொடலாம்?"

"சார், நான். ரெண்டு பேர்கிட்டதான் பாஸ்வேர்ட் இருந்தது."

அவள் மடியில் இருந்த நோட்டுப் புத்தகத்தை அண்ணி வாங்கிப் புரட்டினாள். நெருக்கமான, திருத்தமான கையெழுத்து. "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!"

"என் நோட்டையும் ஒரு நாள் பாருங்களேன்" என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

"நீலக் கயிறு நீங்க கட்டினதா?"

பெண்ணின் காது சிவந்தது. "எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணிக்குள்ள ஒரு ஆள் எப்படி ஆடாம நிக்கிறாங்கன்னு தெரியாம அந்தப் பட்டனை எழுத முடியல. டைவர் அண்ணன்தான் ஒரு மாசம் இந்தத் தொட்டியில இறக்கிச் சொல்லிக் கொடுத்தார். முடிஞ்சதும் தேங்க்ஸ் சொல்லிக் கட்டினேன். அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' கொஞ்சம் வேகமாக வந்தது.

படியேறும்போது கொழுந்தன் விரல் மடக்கினான். "பாஸ்வேர்ட் இருக்கு. பட்டன்ல தப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் முழுக்க நேரம் இருந்தது. தன் தப்பை மறைக்க லாக்ல நூறுன்னு போட்டு, பழியை அந்தம்மா தலையில கட்டிட்டா. அந்தம்மா உள்ள போனா, டைவர் ஆஸ்பத்திரியில தனியா இருப்பார். காதைப் பார்த்தீங்க இல்ல? கேஸ் முடிஞ்சது அண்ணி."

"பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. "நாலு துண்டுக் காகிதம் எடுத்து வைங்க."

*

நான்கு மணி. நீள மேசை. தலைப்பக்கம் கம்பெனி முதலாளி, பக்கத்தில் இன்ஸ்பெக்டர். ஒருபுறம் சீனியர், பட்டன். எதிர்ப்புறம் பைலட், தனியாக. மேசை நடுவே ஒரு போன், மறுமுனையில் டைவர்.

பைலட் எழுந்து நின்றாள். "டிஸ்க்கைப் போடறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அதுல நான் என் புருஷனைத் திட்டியிருக்கேன். பொறாமையில திட்டியிருக்கேன். அதை இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்தேன்." அவள் பட்டனைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவள் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

படம் ஓடியது. இன்ஸ்பெக்டர் மூன்று முறை போடச் சொன்னார். பைலட்டை அடிக்கச் சொல்லிக் கையில் கடிகாரத்தோடு நின்றார். ஒற்றைக் கை இருபது விநாடி. இரட்டைக் கை ஒன்பது.

"சரி, இவங்க தள்ளல" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்ப லாக்ல இருக்கிற நூறு?"

"அதுக்குத்தான் ஒரு சின்னப் பரீட்சை." அண்ணி துண்டுக் காகிதங்களை நான்கு பேருக்கும் நீட்டினாள். "அந்தப் படகு ஸ்டிக்கை மூச்சைப் பிடிச்சு முன்னாடி தள்ளினா திரையில எவ்வளவு காட்டும்? பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்க்காம எழுதுங்க."

கொழுந்தன் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நடந்து நடந்து வாங்கினான். ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"முதலாளி: 'தெரியாது.' நேர்மையான மனுஷன். பைலட்: தொண்ணூத்தி நாலு. பட்டன்: தொண்ணூத்தி நாலு, ஸ்டிக்கை மாத்துங்கன்னு மூணு மாசமா சொல்றேன். சின்னக் காகிதத்துல இவ்வளவு எழுதியிருக்காங்க." கடைசிக் காகிதத்தில் அவன் குரல் நின்றது. "சீனியர்: நூறு."

அண்ணி அதை வாங்கி மேசை நடுவே வைத்தாள்.

"அந்த ஸ்டிக் நூறு போகாது சார்" என்றாள் அண்ணி. "லாக்கைத் தொடக்கூடியவங்க ரெண்டே பேர். அதுல ஒருத்தருக்குத் தொண்ணூத்தி நாலு தெரியும். இன்னொருத்தர் படகுல கால் வச்சதே இல்ல."

சீனியர் சிரிக்க முயன்றார். "தெரிஞ்சுக்கிட்டே அவ நூறுன்னு போட்டிருக்கலாமே?"

"பொய் எழுதறவங்க பொருந்தற நம்பரைத்தான் எழுதுவாங்க. தன்னை மாட்டி வைக்கிற நம்பரை வேணும்னு யாரும் தேடிப் போட மாட்டாங்க. முதலாளி, பூட்டின சாப்ட்வேரைத் திறக்கச் சொல்லுங்க. அந்தப் பட்டனைக் கடைசியா யார் தொட்டாங்கன்னு பார்த்துடுவோம்."

முதலாளி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

"திறக்க வேண்டாம்" என்றார் சீனியர்.

பட்டன் அவரை நோக்கித் திரும்பினாள். "சார்?"

"ஒரே ஒரு குறி" என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி. "கழித்தல் இருந்த இடத்துல கூட்டல். தண்ணி பின்னால தள்ளினா வண்டி முன்னால வந்து அதே இடத்துல நிக்கணும். குறியை மாத்தினா, எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கமே இன்னும் வேகமா ஓடும். வெள்ளிக்கிழமை தொட்டியில அவ செஞ்சு காட்டறதா ஏற்பாடு. எல்லாரும் சுத்தி நிப்பாங்க. வண்டி கண்ணாடியில போய் முட்டும், நாலு பேர் சிரிப்பாங்க, என்னைக் கூப்பிடுவாங்க, ரெண்டு நிமிஷத்துல நான் சரி பண்ணிடுவேன். அவ்வளவுதான் நினைச்சேன். தொட்டியில ஆள் இருக்க மாட்டாங்களே. வியாழக்கிழமையே அதைப் படகுல ஏத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"நான்தான் ஏத்தச் சொன்னேன்" என்றார் முதலாளி மெதுவாக. "அவ்வளவு நல்லா இருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியல."

"அதைத்தான் சொல்றேன்!" சீனியரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "பதினோரு வருஷம் சார். வண்டி தண்ணியில இறங்கி ஒழுங்கா திரும்பி வருதுன்னா அது நான் எழுதினது. ஒரு நாளாவது யாராவது வந்து நின்னு பார்த்தீங்களா? அது ஓடும், அதனால யாருக்கும் தெரியல. இவ ஒரு பட்டன் போட்டா பூங்கொத்து. தினமும் ரூமுக்குள்ள உட்கார்ந்து அந்தக் கைத்தட்டலைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். வேலையே ஓடல."

"அதுக்கப்புறம் லாக்கைத் திருத்தி இந்த பைலட்டம்மாவைக் கொலைகாரி ஆக்கினீங்களே, அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புருஷன் பெண்டாட்டி சண்டைன்னு எல்லாரும் முன்னாடியே பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் ரெண்டு வரி மட்டும்..." நெற்றியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

பட்டன் அழவில்லை. "நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் சார் நான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

*

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாலை வெயில் நீளமாகக் கிடந்தது. டைவருக்கு இரண்டு விரல் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று பிழைத்தன. தண்ணீருக்குத் திரும்பலாம், ஆனால் வருடம் ஆகும்.

பைலட் உள்ளே போய் அரை மணி நேரமாயிற்று. அண்ணியும் கொழுந்தனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டன் மட்டும் தூரத்தில், படிக்கட்டு முனையில், வருவதா போவதா என்று தெரியாமல் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்" என்றான் கொழுந்தன். "அந்தப் பொண்ணு நோட்டைப் பாராட்டினீங்களே, பதினோரு மாசத்துல என்னை ஒரு தடவை...?"

"அந்த ஸ்க்ரூவைக் கண்டுபிடிக்கலைன்னா இந்த கேஸே இல்ல தம்பி."

கொழுந்தன் காலரைச் சரிசெய்துகொண்டான்.

கதவு திறந்தது. பைலட் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். தாழ்வாரக் கோடியில் நின்ற பட்டனைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவே நர்ஸ் ஒருத்தி தள்ளுவண்டியோடு கடந்து போகும்வரை யாரும் அசையவில்லை.

பைலட் நேராக அவளிடம் நடந்து போனாள்.

"பார்க்கணும்னு வந்தியா?"

"ஆமாக்கா. நீங்க வேண்டாம்னா போயிடறேன்."

"உன்மேல எனக்கு இருந்த பொறாமை போயிடுச்சுன்னு நினைக்காத. போகல. இன்னும் அப்படியே இங்க இருக்கு." அவள் நெஞ்சில் விரலால் தட்டிக் காட்டினாள். "ஆனா நீ எழுதின பட்டனை அப்படியே விட்டிருந்தா அவர் கை பிழைச்சிருக்கும். அது எனக்குத் தெரியும். உள்ள வா."

பட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். பைலட் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். அவள் உள்ளே போனதும், தானும் நுழைந்து, படுக்கைக்கு ஒட்டினாற்போல் இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.